கால் பங்குச் சாவு

தெய்வசிகாமணியின் வலது தொடை எலும்பு சாகத் தொடங்கியபோது அவனுக்கு வயது முப்பத்தெட்டு. மற்றபடி நன்றாகத்தான் இருந்தான். மரக்காணம் உப்பளத்தில் பதினைந்து வருடமாக உப்பு வாருகிறவன். விடியும்போது பாத்தியில் இறங்கினால் வெயில் ஏறும்வரை நீளக் கழியில் பொருத்திய பலகையால் உப்பை இழுத்து இழுத்து வரப்பில் குவிப்பான். அவன் மனைவி அஞ்சம்மாள் அதைக் கூடையில் அள்ளித் தலையில் சுமந்து கொண்டுபோய் அம்பாரத்தில் கொட்டுவாள்.

கொரோனா இரண்டாவது அலையில் மூச்சு விட முடியாமல் பன்னிரண்டு நாள் ஆஸ்பத்திரியில் கிடந்தான். ஸ்டீராய்டு ஊசி போட்டுப் பிழைக்க வைத்து அனுப்பினார்கள். அதற்கெல்லாம் ரொம்ப நாள் கழித்துத் தொடை இடுக்கில் ஒரு வலி வந்தது. பாத்தியில் வழுக்கியதால் இருக்கும் என்று நினைத்தான். தைலம் தேய்த்தான். புத்தூருக்குப் போய்க் கட்டுப் போட்டுக்கொண்டான். வலி போகவில்லை. காலை அகட்ட முடியவில்லை, குந்த முடியவில்லை. கடைசியில் மாவட்டத்துப் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போய் ஸ்கேன் எடுத்தார்கள்.

எலும்பு டாக்டர் கௌதமன் படத்தை வெளிச்சத்தில் பிடித்துக் காட்டினார். "தொடை எலும்புக்கு மேல உருண்டையா ஒரு தலை இருக்குது பாருங்க. இடுப்புக் கிண்ணத்துக்குள்ள பந்து மாதிரி சுத்தும். அதுக்குப் போற ரத்தம் நின்னுபோச்சு. ரத்தம் போகாத இடத்துல எலும்பு செத்துடும். அந்த ஊசி போட்டவங்கள்ல சில பேருக்கு இப்படி வருது."

"செத்துப்போச்சா சார்?"

"கால் பங்கு செத்திருக்குது."

தெய்வசிகாமணி தன் காலைப் பார்த்தான். "காலா சார்?"

"காலு இல்லப்பா. கால் பங்கு. நாலுல ஒண்ணு."

டாக்டர் இரண்டு வழி சொன்னார். முழு மூட்டையும் வெட்டி எடுத்துவிட்டு வேறு வைக்கலாம். அது சாதாரணக் காப்பீட்டு அட்டையிலேயே நடக்கும். ஆனால் இந்த வயதில் வைத்தால் தேய்ந்துபோய் இன்னொரு தடவை வெட்ட வேண்டி வரும், குந்தி வேலை செய்யவும் கூடாது.

"இன்னொண்ணு, மேற்பரப்பு மாற்றுன்னு. தலையை வெட்டாம, செத்த மேல்பாகத்தை மட்டும் செதுக்கிட்டு, பல்லுக்கு கேப் போடற மாதிரி உலோகத்துல ஒரு தொப்பி மாட்டறது. உங்க எலும்பு உங்ககிட்டயே இருக்கும். உப்பளத்துக்கும் போகலாம்."

"அதையே பண்ணிடுங்க சார்" என்றாள் அஞ்சம்மாள்.

"பண்ணலாம். ஆனா செத்தது மூணுல ஒரு பங்கைத் தாண்டிச்சுன்னா தொப்பி நிக்காது. அதனால சீக்கிரம் பண்ணணும். அதுக்கு மேற்பரப்பு ஆணையத்துல அனுமதி வாங்கணும்."

கடைசி வாக்கியத்தைச் சொல்லும்போது டாக்டர் ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தார்.

மாவட்ட எலும்பு மேற்பரப்பு நல ஆணையம் மூன்று வருடங்களுக்கு முன் தொடங்கப்பட்டது. இத்தகைய அறுவை சிகிச்சைகளைத் தாமதமின்றி நடத்துவதே அதன் நோக்கம் என்று வாசலில் உள்ள கல்வெட்டு சொல்கிறது. அதற்கு முன்பெல்லாம் டாக்டரே நோயாளியைப் பார்ப்பார், டாக்டரே முடிவு செய்வார், டாக்டரே அறுவை சிகிச்சையும் செய்துவிடுவார். இதில் ஒரு முறையே இல்லை என்று உயர்மட்டத்தில் கண்டறியப்பட்டது. ஆணையம் வந்த பிறகு அந்தக் குறை நீங்கியது. மூன்று வருடத்தில் ஒரு அறுவை சிகிச்சைகூட முறை தவறி நடக்கவில்லை. முறைப்படியும் நடக்கவில்லை.

ஆணையத்தின் அலுவலகம் முதல் மாடியில் இருந்தது. இடுப்பு மூட்டு செத்தவர்கள் வந்துபோகும் இடம் என்பதால் லிஃப்ட் வைத்திருந்தார்கள். திறந்துவைப்பதற்குச் சிறப்பு விருந்தினரின் தேதி கிடைக்காததால் அதற்குக் குறுக்கே ரிப்பன் கட்டியிருந்தது. தெய்வசிகாமணி முப்பத்து நான்கு படிகளையும் கைப்பிடியைப் பற்றிக்கொண்டு, ஒவ்வொரு படியிலும் இரண்டு காலையும் சேர்த்து வைத்து வைத்து ஏறினான். மேலே போய்ச் சேர்ந்தபோது சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது.

அங்கே செயலர் சித்தார்த்தன் உட்கார்ந்திருந்தார். கெட்டவர் இல்லை. எதிரில் யார் வந்தாலும் முதலில் உட்காரச் சொல்வார். உட்கார நாற்காலி இருக்காது என்பது வேறு விஷயம்.

"எப்படி வந்தீங்க?" என்று கேட்டார்.

"படியேறித்தான் சார்."

சித்தார்த்தன் படிவத்தின் மேல் மூலையில் எழுதினார்: ‘விண்ணப்பதாரர் முதல் மாடிக்குத் தாமே ஏறி வந்தார்.’

"சார், வலியோட வந்தாருன்னும் எழுதுங்க" என்றாள் அஞ்சம்மாள்.

"வலிக்குக் கட்டம் இல்லம்மா. ஏறினாரா இல்லையான்னுதான் கட்டம்."

"ஏறாம இருந்திருந்தா?"

"விண்ணப்பதாரர் நேரில் ஆஜராகவில்லைன்னு எழுதியிருப்பேன்."

பிறகு படிவத்தை வாசித்து நிரப்பினார். பதினான்காவது கேள்வியில் கொஞ்சம் தடங்கல் வந்தது. இறந்த எலும்பின் பெயர், இறந்த தேதி, இறந்த இடம்.

"பேரு தொடை எலும்பு. தேதி என்ன போடலாம்?"

"அது இன்னும் முழுசா சாகல சார். செத்துக்கிட்டு இருக்குது" என்றான் தெய்வசிகாமணி.

"நடந்துக்கிட்டு இருக்கறதுக்கெல்லாம் தேதி போட முடியாது. முடிஞ்சதுக்குத்தான் போடலாம். சரி, இடம்?"

"இடுப்புங்க."

"ஊரைக் கேட்டேன்."

"மரக்காணம்."

சித்தார்த்தன் எழுதிக்கொண்டார். எலும்பு மரக்காணம் எல்லைக்குள்தான் இறந்தது என்பதற்கு இரண்டு பேர் சாட்சிக் கையெழுத்து வேண்டும் என்றும் சொன்னார். உப்பளத்தில் கூட வேலை செய்கிற இரண்டு பேர் கையெழுத்துப் போட்டார்கள். அவர்களில் ஒருவன் துக்கம் விசாரிக்கும் முகத்தோடு போட்டான்.

இரண்டு மாதம் ஒன்றும் நடக்கவில்லை. தை மாதம் பாத்திகளைச் செதுக்கிச் சீர்செய்துகொண்டிருந்த ஒரு காலையில் ஆணையத்தின் மேற்பரப்பு ஆய்வாளர் ஜீப்பில் வந்து இறங்கினார். கையில் அளவு நாடா இருந்தது. அஞ்சம்மாள் சேற்றுக் காலோடு ஓடிவந்தாள். தெய்வசிகாமணி வரப்பில் கழியை ஊன்றி நின்றிருந்தான். இப்போதெல்லாம் அவனால் நிற்க மட்டும்தான் முடிந்தது. பாதி வேலையை அவளே செய்தாள்.

"மேற்பரப்பு மாற்றணும்னு மனு குடுத்தது நீங்களா?" என்றார் ஆய்வாளர்.

"ஆமாங்க."

"உப்பளத்தோட மேற்பரப்பை யாரும் மாத்தக்கூடாது தெரியுமா? எறால் பண்ணை போடறதுக்கா, பிளாட் போடறதுக்கா?"

"உப்பளம் இல்லீங்க. இடுப்பு."

ஆய்வாளர் கோப்பைப் புரட்டினார். ரொம்ப நேரம் புரட்டினார். கோப்பு எலும்பைப் பற்றியதுதான் என்பது அவருக்கும் புரிந்துவிட்டது. ஆனால் மாவட்டத் தலைநகரிலிருந்து ஜீப்பில் வந்தாகிவிட்டது, நாடாவும் கையில் இருக்கிறது.

"நீளம் அகலம் தெரிஞ்சா சொல்லுங்க, போட்டுக்கறேன்."

"உள்ள இருக்குதுங்களே" என்றான் தெய்வசிகாமணி.

ஆய்வாளர் அறிக்கையில் இப்படி எழுதினார்: ‘இடம் நேரில் பார்வையிடப்பட்டது. மேற்படி மேற்பரப்பு விண்ணப்பதாரரின் உட்புறத்தில் அமைந்துள்ளதால் அணுகுபாதை இல்லை.’ அணுகுபாதை இல்லை என்பது கோப்பில் ஒரு குறையாகப் பதிவானது. அதை நீக்க டாக்டர் கௌதமன் மூன்று பக்கத்துக்குக் கடிதம் எழுத வேண்டியிருந்தது. அறுவை சிகிச்சை என்பதே அணுகுபாதை அமைக்கும் பணிதான் என்று அவர் கடைசிப் பத்தியில் எழுதியிருந்தார். அந்த வரிக்கு மட்டும் யாரோ சிவப்பு மையில் ‘நன்று’ என்று போட்டிருந்தார்கள்.

மாசி மாதம் ஆணையக் குழுவின் கூட்டத்துக்கு அழைப்பு வந்தது. ஸ்கேன் முப்பது நாளுக்குள் எடுத்ததாக இருக்க வேண்டும் என்பதால் புதிதாக எடுத்தார்கள். டாக்டர் அதைப் பார்த்துவிட்டு, "கால் பங்கைத் தாண்டிடுச்சு. இன்னும் மூணுல ஒண்ணு ஆகல. இந்தக் கூட்டத்துலயே வாங்கிட்டு வந்துடுங்க" என்றார்.

குழுவின் தலைவர் தமிழ்வேந்தன் ஓய்வுபெற்ற அதிகாரி. எலும்பைப் பற்றி முன் அனுபவம் கிடையாது. அதனால்தான் தம்மால் பாரபட்சம் இல்லாமல் முடிவெடுக்க முடிகிறது என்று அவரே மேடைகளில் சொல்வார். அவருக்குப் பக்கத்தில் பொதுமக்கள் பிரதிநிதி பஷீர் அஹமது உட்கார்ந்திருந்தார். மரக்காணம் கடைவீதியில் ஜவுளிக்கடை வைத்திருப்பவர். மூன்று வருடமாக ஒரு கூட்டம் தவறாமல் வந்துகொண்டிருந்தார். தட்டில் இருந்த போண்டாவில் ஒன்றை எடுத்து தெய்வசிகாமணியிடம் நீட்டினார்.

"சாப்புடுப்பா. நேரமாவும்."

மேசையைச் சுற்றி ஏழு நாற்காலிகள் இருந்தன. ஐந்து காலியாக இருந்தன.

தமிழ்வேந்தன் எழுந்து நின்று பேசினார். எதிரில் கேட்பவர்கள் கணவனும் மனைவியும் மட்டும்தான். ஆனால் அவர் பார்வை அவர்கள் தலைக்கு மேலே, கடைசி வரிசையில் இருப்பவர்களை நோக்கிப் போயிற்று.

"எலும்பு என்பது மனித உடலின் உட்கட்டமைப்பு. அதில் கை வைப்பது எளிய செயல் அன்று. ஒரு மருத்துவர் பத்து நிமிடத்தில் முடிவெடுத்துவிடுவார். ஏனென்றால் அவருக்கு எலும்பு மட்டுமே தெரியும். நாங்கள் அப்படி அல்ல. இந்த ஆணையம் இதுவரை நூற்று நாற்பது விண்ணப்பங்களைப் பரிசீலித்திருக்கிறது. ஒன்றிலாவது தவறான ஒப்புதல் அளித்தோம் என்று எவரும் விரல் நீட்ட முடியாது. ஏனென்றால் ஒப்புதலே அளிக்கவில்லை. இப்படி ஒரு பெருமை வேறு எந்த மாவட்டத்துக்கும் இல்லை. தம்பி, கொஞ்சம் நடந்து காட்டுங்கள்."

தெய்வசிகாமணி நடந்தான். சுவரிலிருந்து சுவர்வரை போய்த் திரும்பினான். திரும்பும்போது பல்லைக் கடித்துக்கொண்டான்.

"வலிக்கிறதா?"

"வலிக்குதுங்க."

"ஆனால் நடக்கிறீர்கள்."

"நீங்க நடக்கச் சொன்னீங்க சார்."

"அதைத்தான் சொல்கிறேன். சொன்னால் நடக்கிறீர்கள்." தமிழ்வேந்தன் கோப்பைத் திறந்தார். "இப்போது முக்கியமான கேள்விக்கு வருவோம். நூற்றுக்கு இருபத்தெட்டு பங்கு இறந்திருக்கிறது. அப்படியானால் எழுபத்திரண்டு பங்கு உயிரோடு இருக்கிறது. நாம் ஜனநாயக நாட்டில் வாழ்கிறோம். பெரும்பான்மை எந்தப் பக்கமோ அதுவே முடிவு. ஆகவே இந்த எலும்பு உயிரோடு இருக்கிறது. உயிரோடு இருக்கும் எலும்புக்கு எலும்புச் சாவுத் திட்டத்தில் எப்படி அனுமதி தர முடியும்? பாதிக்கு மேல் இறந்த பிறகு வாருங்கள்."

தெய்வசிகாமணி ஒரு அடி முன்னால் வந்தான். "சார், மூணுல ஒரு பங்கைத் தாண்டிட்டா ஆபரேஷனே பண்ண முடியாதுன்னு டாக்டர் சொல்றாரு. பாதி செத்த பின்னாடி அனுமதி குடுத்து இன்னா பிரயோசனம்?"

"அது மருத்துவம். அதை மருத்துவர் பார்ப்பார். நாங்கள் விதியைப் பார்க்கிறோம். இரண்டையும் ஒருவரே பார்த்தால் குழப்பம் வரும்."

பஷீர் அஹமது போண்டாவைக் கீழே வைத்தார். ஏதோ சொல்ல வந்தவர் போலத் தெரிந்தது. ஆனால் அவருக்கு முன்னால் அஞ்சம்மாள் பேசிவிட்டாள்.

"சார், உங்க குழுவுல மொத்தம் எத்தினி பேரு?"

"ஏழு பேர்."

"இன்னிக்கு வந்திருக்கறது ரெண்டு பேரு. அஞ்சு பேரைக் காணோம். அப்ப உங்க கணக்குப்படி இந்தக் குழு உயிரோட இருக்குதா, செத்துப்போச்சா?"

சித்தார்த்தனின் பேனா நின்றது. பஷீர் அஹமது சிரிப்பை அடக்கத் துண்டால் வாயைத் துடைத்துக்கொண்டார். தமிழ்வேந்தன் கோபப்படவில்லை. விதிப் புத்தகத்தை எடுத்துப் பொறுமையாகப் பக்கம் பக்கமாகப் புரட்டினார்.

"அம்மா கேட்டது சட்டப்படி மிகச் சரியான கேள்வி" என்றார் கடைசியில். "குறைந்தது மூன்று உறுப்பினர்கள் இருக்க வேண்டும். ஆகவே இந்தக் கூட்டம் நடக்கவே இல்லை. ஒத்திவைக்கிறேன்."

"நடக்காத கூட்டத்தை எப்படி சார் ஒத்திவைக்கிறது?" என்று கேட்டார் சித்தார்த்தன். அவருக்கு நிஜமாகவே சந்தேகம்.

தமிழ்வேந்தன் விதிப் புத்தகத்தை மூடிவிட்டு எழுந்தார்.

திரும்பி வரும்போது பஸ்ஸில் கூட்டம். ஒரு ஆள் எழுந்து தெய்வசிகாமணிக்கு இடம் கொடுத்தான். உட்கார்ந்தால் மடக்க முடியாத காலை நடைபாதையில் நீட்ட வேண்டியிருந்தது. ஏறுகிறவர்கள் எல்லோரும் அதைத் தாண்டித் தாண்டிப் போனார்கள். அஞ்சம்மாள் பக்கத்தில் நின்றுகொண்டு யார் பையும் அதில் படாமல் பார்த்துக்கொண்டாள்.

"நான் வாயை மூடிக்கினு இருந்திருக்கலாம்" என்றாள் கொஞ்ச தூரம் போன பிறகு.

"மூடிக்கினு இருந்தா மட்டும் குடுத்திருப்பானா?" என்றான் அவன். "நீ கேட்டது நல்லாத்தான் இருந்துச்சு. பாய் சிரிச்சாரு பாத்தியா."

அவள் சிரிக்கவில்லை. அன்று காலையில் அவனுக்குச் செருப்பு மாட்டிவிட்டவள் அவள்தான். லுங்கி உடுத்திவிடுவதும் அவள்தான். தொடக்கத்தில் அவன் வெட்கப்பட்டுக் கதவைச் சாத்தச் சொல்வான். இப்போதெல்லாம் அதையும் சொல்வதில்லை என்பது அவளுக்கு நினைவுக்கு வந்தது.

பங்குனியில் எலும்பு விழிப்புணர்வு வாரம் வந்தது. அதையொட்டி மரக்காணம் பஸ் நிலையத்திலிருந்து கிழக்குக் கடற்கரைச் சாலை வழியாக உப்பளம்வரை ‘நடந்தால் நலம்’ என்ற பேரணி நடத்த ஆணையம் முடிவு செய்தது. விண்ணப்பம் நிலுவையில் உள்ளவர்கள் பேரணியில் நடந்தால் முன்னுரிமை மதிப்பெண் உண்டு, வராதவர்கள் சிகிச்சையில் ஆர்வம் இல்லாதவர்களாகக் கருதப்படுவார்கள் என்று சித்தார்த்தன் போனில் சொன்னார். சொல்லிவிட்டுக் குரலைத் தாழ்த்தி, "முடியலன்னா வராதீங்க. நான் வந்தீங்கன்னு போட்டுடறேன்" என்றார்.

"அப்புறம் யாராச்சும் கேட்டா உங்க வேலைக்கு ஆபத்துங்க" என்று சொல்லிவிட்டு தெய்வசிகாமணி போனான்.

மூட்டு செத்தவர்கள் பதினோரு பேர் முன்வரிசையில் நடந்தார்கள். அவர்களுக்குப் பின்னால் பள்ளிக்கூடப் பிள்ளைகளும், பாண்டு வாத்தியமும், கடைசியாகக் கொடியசைத்துத் தொடங்கிவைத்த தமிழ்வேந்தனின் காரும் வந்தன. தெய்வசிகாமணியிடம் பதாகையின் ஒரு கழியைக் கொடுத்திருந்தார்கள். அது ஒரு விதத்தில் வசதியாக இருந்தது, ஊன்றிக்கொண்டான். பாதி தூரம் கடந்து பாத்திகள் தெரிய ஆரம்பித்த இடத்தில், ஈரமணலில் கால் புதைவதுபோல, இடுப்புக்கு உள்ளே ஏதோ ஒன்று அமிழ்ந்தது. சத்தம் ஏதும் வரவில்லை. அவன் பதாகையோடு சாலையில் சரிந்து உட்கார்ந்தான். பாண்டு வாத்தியம் அவனைச் சுற்றிக்கொண்டு போயிற்று.

அந்தப் படம் ஆணையத்தின் செய்திமடலில் முதல் பக்கத்தில் வந்தது. ‘களைத்து விழுந்தபோதும் பதாகையைக் கீழே போடாத விண்ணப்பதாரர்’ என்று அதற்கடியில் போட்டிருந்தார்கள்.

மார்ச் மாதக் கடைசியில் மேலிடத்திலிருந்து ஒரு கேள்வி வந்தது. மூன்று வருடத்தில் எத்தனை அனுமதி கொடுத்திருக்கிறீர்கள்? ஒன்றுகூட இல்லையென்றால் ஆணையம் எதற்கு? ஒரு அனுமதியாவது உடனே தேவைப்பட்டது. எல்லோருக்கும் முகம் தெரிந்த விண்ணப்பதாரர் ஒருவர்தான். ஊரில் இல்லாத ஒரு உறுப்பினரைப் போனில் பிடித்து ‘சரி’ என்று சொல்லவைத்து, மூன்று பேர் கணக்குக் காட்டி, மார்ச் முப்பத்தொன்றாம் தேதி மாலை நான்கு மணிக்கு உத்தரவு போட்டார்கள். பொன்னாடை போர்த்திக் கையில் கொடுத்தார் தமிழ்வேந்தன்.

"அரசு இயந்திரம் மெதுவாகச் சுழலும் என்பார்கள். பாருங்கள், ஒரே பிற்பகலில் முடித்துவிட்டோம்" என்றார்.

மறுநாள் அந்த உத்தரவோடும் புது ஸ்கேனோடும் டாக்டர் கௌதமன் முன்னால் உட்கார்ந்தார்கள். டாக்டர் படத்தை வெளிச்சத்தில் வைத்தார், எடுத்தார், மறுபடி வைத்தார்.

"தலை அமுங்கிடுச்சு. பாதிக்கு மேல போயிடுச்சு. தொப்பி மாட்டறதுக்கு அங்க இடமில்லப்பா."

"உத்தரவு இருக்குதே சார்" என்றான் தெய்வசிகாமணி.

"உத்தரவு இருக்குது. எலும்பு இல்ல."

அஞ்சம்மாள் அந்தக் காகிதத்தை வாங்கி மடித்து, மறுபடி மடித்து, மடிக்க முடியாத அளவுக்கு மடித்தாள்.

"அப்ப இனிமே குந்த முடியாதா சார்?" என்றான் தெய்வசிகாமணி.

"முழு மூட்டு வெச்சுடலாம். வலி போயிடும், நல்லா நடப்பீங்க. ஆனா குந்தாம இருக்கறது நல்லது. பாத்தி வேலையை விட்டுடுங்க." டாக்டர் கண்ணாடியைக் கழற்றிவிட்டு முகத்தைத் துடைத்துக்கொண்டார். "அன்னிக்கே பண்ணியிருந்தா நாப்பது நிமிஷ வேலை."

முழு மூட்டு மாற்றுக்கு ஆணையத்தின் அனுமதி தேவையில்லை. ஒன்பதாவது நாள் அறுவை சிகிச்சை முடிந்தது. வலி நிஜமாகவே போய்விட்டது. மூன்று மாதத்தில் தடியை விட்டுவிட்டான். இடதுபுறமாகப் பத்திரமாகத் திரும்பிப் படுக்கப் பழகினான். உப்பளத்தில் மூட்டை தைக்கும் கொட்டகையில் உயரமான ஒரு ஸ்டூல் போட்டுக் கொடுத்தார்கள். அங்கே உட்கார்ந்து வெளியே பாத்தியில் அஞ்சம்மாள் வேறொருவன் வாரிய உப்பைச் சுமப்பதைப் பார்த்துக்கொண்டு தைப்பான். தையல் இயந்திரம் அப்போதெல்லாம் கோணிக்கு வெளியே ஓடிவிடும்.

ஆணையத்தின் ஆண்டறிக்கையில் அவன் ஒரு வெற்றியாகச் சேர்க்கப்பட்டான். அனுமதி வழங்கியது ஒன்று, நோயாளி நடப்பது ஒன்று. எந்த அறுவை சிகிச்சையால் நடக்கிறான் என்பதற்குக் கட்டம் இல்லை.

அந்த அறிக்கையைப் படித்த மேலிடம் மகிழ்ந்து, இனி ஒவ்வொரு ஆணையத்திலும் பயன் பெற்றவர் ஒருவர் உறுப்பினராக இருக்க வேண்டும் என்று புது விதி போட்டது. மாவட்டத்தில் பயன் பெற்றவர் என்று காகிதத்தில் இருந்தது ஒரே ஆள்தான். ‘அமைதியானவர், சொன்னால் நடப்பவர்’ என்று தமிழ்வேந்தன் பரிந்துரை எழுதினார்.

"நான் போவல" என்றான் தெய்வசிகாமணி. "அந்த ரூமுக்குள்ள போனாலே எனக்கு இடுப்பு வலிக்கும்."

"புது இடுப்பு வலிக்காது, போங்க" என்றாள் அஞ்சம்மாள். "நமக்கு ஆனது ஆயிப்போச்சு. இன்னொருத்தன் காலை இழுத்துக்கினு வருவான் இல்ல, அவனுக்கு யாரு இருக்கறா?"

ஆடி மாதக் கூட்டத்தில் மேசைக்கு அந்தப் பக்கம் மூன்று பேர் உட்கார்ந்திருந்தார்கள். தமிழ்வேந்தன், பஷீர் அஹமது, தெய்வசிகாமணி. ஆணையத்தின் வரலாற்றில் முதல்முறையாகக் கூட்டம் சட்டப்படி நடந்தது. அனுமந்தைக் கிராமத்து மீனவன் பிரபு என்பவனின் கோப்பு முதலில் வந்தது. வயது முப்பத்தொன்று. அலையில் படகைத் தள்ளும்போது வலி தெரிந்தவன். ஐந்தில் ஒரு பங்கு செத்திருந்தது.

"தம்பி, கொஞ்சம் நடந்து காட்டுங்கள்" என்றார் தமிழ்வேந்தன்.

"நடக்க வேணாம்பா. உட்காரு" என்றான் தெய்வசிகாமணி.

உட்கார நாற்காலி இல்லை. அவன் எழுந்து காலியாக இருந்த உறுப்பினர் நாற்காலி ஒன்றை இழுத்துப் போட்டான். பிரபு உட்காராமல் எல்லோர் முகத்தையும் பார்த்தான்.

"உறுப்பினரே, நடைமுறை என்று ஒன்று இருக்கிறது" என்றார் தமிழ்வேந்தன். "ஐந்தில் நான்கு பங்கு உயிரோடு இருக்கும்போது..."

"சார், பெரும்பான்மைன்னு நீங்கதான் சொன்னீங்க. மூணு பேர் இருக்கறோம். ஓட்டுப் போடலாம்." சொல்லிவிட்டுத் தெய்வசிகாமணி கையைத் தூக்கினான். அவன் இதற்கு முன் எந்த அதிகாரி எதிரிலும் கை தூக்கியதில்லை.

எல்லோரும் பஷீர் அஹமதைப் பார்த்தார்கள். அவர் போண்டாவைத் தட்டில் வைத்துவிட்டு விரலைத் துடைத்துக்கொண்டார்.

"மூணு வருஷமா வர்றேன்" என்றார். "பேசச் சொல்லுவாங்க, கேக்கச் சொல்லுவாங்க, சாப்புடச் சொல்லுவாங்க. ஒருத்தரும் என்னைக் கை தூக்கச் சொன்னதே இல்ல." அவரும் கையைத் தூக்கினார். "யா அல்லாஹ், இவ்ளோதானா இது?"

சித்தார்த்தன் உத்தரவை அங்கேயே தட்டச்சு செய்தார். அவ்வளவு வேகமாக அவர் தட்டச்சு செய்வார் என்று யாருக்கும் தெரியாது. மொத்தம் ஏழு நிமிடம் ஆயிற்று. அடுத்த வியாழக்கிழமை பிரபுவுக்குத் தொப்பி மாட்டினார்கள்.

தமிழ்வேந்தன் அன்று மாலையே மேலிடத்துக்கு எழுதினார். ‘மேற்படி உறுப்பினர் கோப்புகளுக்கு ஒப்புதல் அளிக்கும் பழக்கம் உடையவர் என்பது தெரியவந்துள்ளது. உடனே நீக்க வேண்டும்.’ உறுப்பினரை நீக்க வேண்டுமானால் குழுவே தீர்மானம் போட வேண்டும் என்று பதில் வந்தது. தீர்மானம் போட மூன்று பேர் வேண்டும். மற்ற ஐவரும் இத்தனை வருடம் வராததுபோலவே இப்போதும் வரவில்லை. விதிப்படி நிலுவைக் கோப்புகளை முதலில் எடுக்க வேண்டும், நிர்வாகத் தீர்மானங்கள் கடைசியில். கோப்புகள் முடிவதற்கும் அஸர் தொழுகைக்கு நேரமாவதற்கும் சரியாக இருக்கும். பஷீர் அஹமது சலாம் சொல்லிவிட்டுக் கிளம்பிவிடுவார், மிச்சம் இரண்டு பேர்தான். இப்படி ஐந்து கூட்டத்தில் பதினோரு பேருக்கு அனுமதி போயிற்று. அந்தப் பதினோரு பேரில் இரண்டு பேருக்கு எலும்பு ஏற்கெனவே அமுங்கிவிட்டிருந்தது. அவர்கள் வீட்டுக்கு தெய்வசிகாமணி நேரில் போய்ப் பார்த்துவிட்டு வந்தான். என்ன பேசினான் என்று அஞ்சம்மாளிடம்கூடச் சொல்லவில்லை.

ஆறாவது கூட்டத்தில் தமிழ்வேந்தன் சிறப்பு அதிகாரத்தைப் பயன்படுத்தி நீக்கல் தீர்மானத்தை முதல் பொருளாக வைத்தார். சம்பந்தப்பட்ட உறுப்பினர் விவாதத்தின்போது அறையில் இருக்கக் கூடாது என்பதால் தெய்வசிகாமணியை வெளியே அனுப்பினார்கள்.

வராந்தா பெஞ்சில் நான்கு பேர் கோப்போடு காத்திருந்தார்கள். அவன் அவர்களோடு உட்கார்ந்தான். ஓரத்தில் இருந்த பெண் வலிக்கிற காலை நீட்டி வைத்திருந்தாள். ஒரு துணிப்பையை மடியில் அணைத்துக்கொண்டிருந்தாள்.

"உங்களுக்கும் இன்னிக்கித்தானாண்ணே?" என்றாள்.

"ஆமாம்மா. என்னுதைத்தான் மொதல்ல எடுத்திருக்காங்க."

உள்ளே விதிப் புத்தகம் புரட்டப்படும் சத்தம் கேட்டது. பிறகு தமிழ்வேந்தனின் குரல் உயர்ந்தது. "அவர் வெளியே இருந்தால் நாம் இரண்டு பேர்தான். இரண்டு பேர் என்றால் கூட்டமே இல்லை. கூட்டம் இல்லையென்றால் எப்படி நீக்குவது?" அதற்கு பஷீர் அஹமது ஏதோ சொல்ல, சித்தார்த்தன் சிரித்து, உடனே இருமினார்.

கதவு திறந்தது. "உறுப்பினர் உள்ள வாங்க" என்றார் சித்தார்த்தன்.

தெய்வசிகாமணி பெஞ்சின் விளிம்பைப் பிடித்து எழுந்தான். "கொஞ்சம் இரும்மா" என்றான் அந்தப் பெண்ணிடம். "என்னை நீக்க முடியலையாம். போயி உன் பைலை எடுக்கச் சொல்றேன்."